கயிறு யார் கையில்? நீலகிரி மாணவர்களும் கூட்டு வாழ்வும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குக் ‘கல் பங்களா’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் அங்கே கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். அந்த நிலத்தைத் தோடர் பழங்குடியினரிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு அவர் வாங்கினார் என்பது உதகையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தோடர்களுக்கு அது மந்து என்னும் குடியிருப்புகள்தோறும் பொதுவில் எருமை மேய்த்த புல்வெளி. ஒரு ரூபாயைக் கையில் வாங்கியபோது எதை விற்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்களோ, அது எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. கல்லூரி அங்கே தொடங்கியது 1955-இல்.

படுகர் வீட்டுப் பிள்ளை, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள், பழங்குடிக் குடியிருப்பிலிருந்து விடிவதற்குள் பஸ் பிடித்து வருபவர், சமவெளியிலிருந்து வந்து விடுதியில் நடுங்குபவர் என மலைக் கல்லூரிகளில் படிக்கும் எல்லோரும் எழுதும் பொதுத்தாள் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் கல்வி என்பது அதன் பெயர். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், இதைப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் உத்தரவிட்டது. உத்தரவு பட்டப்படிப்பு வகுப்புகளுக்கு வந்துசேரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2003-இல் நீதிமன்றம் மறுபடி அதட்டிய பிறகே பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறுமாதப் பாடத்திட்டம் நாடு முழுதும் கட்டாயமானது. இன்று நிலைத்த வளர்ச்சிக்கு இலக்கணம் கேட்டால் 1987-இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் குழு சொன்ன வாக்கியத்தை மாணவர்கள் கமா தவறாமல் எழுதுகிறார்கள். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் இந்த மலைக்கு எப்படி வந்தன என்ற கேள்வி தாளில் வருவதில்லை. வராத கேள்விக்கு யார் படிப்பார்கள்?

மாணவர்களின் சுற்றுச்சூழல் நம்பிக்கைகளை அறிய வேண்டும் என்றால் வழக்கமாக ஒரு படிவம் கொடுத்து ‘ஆம்’, ‘இல்லை’ என்று டிக் அடிக்கச் சொல்வார்கள். இயற்கையைக் காப்பது முக்கியமா? ஆம். நெகிழி கெட்டதா? ஆம். எல்லோரும் சேர்ந்து வாழ்வது நல்லதா? அதற்கும் ஆம்தான். இந்தப் படிவத்தால் ஒன்றும் தெரியவராது என்பது இந்த உரையின் வாதம். நம்பிக்கை என்பது ஒருவர் மனத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் பொருள் அன்று. யாருடன் சேர்ந்து உண்கிறோம், செலவை யாருடன் பங்கிடுகிறோம், தவறினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவற்றைப் பார்த்தால்தான் அது வலுவானதா நொய்ந்ததா என்று தெரியும். இதைச் சோதித்துப் பார்க்க நீலகிரியைவிடத் தோதான மாவட்டம் தமிழ்நாட்டில் கிடையாது.

நெகிழியிலிருந்தே தொடங்கலாம். 2000-களின் தொடக்கத்தில் சுப்ரியா சாகு கலெக்டராக இருந்தபோது நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கம் முழுவேகத்தில் நடந்தது. தமிழ்நாடு முழுவதற்குமான தடை 2019 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. அதே ஆண்டு நீலகிரியில் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை விழுந்து, சாலையோரங்களில் குடிநீர் ஏ.டி.எம்.கள் முளைத்தன. கணக்குப் போட்டால், இப்போது கல்லூரியில் இருக்கும் மலைப்பிள்ளை பிறக்கும் முன்பே இங்கே கேரி பை தடைசெய்யப்பட்ட பொருள். துணிப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது அவருக்குக் கொள்கை ஆகாது, செருப்பு மாட்டிக்கொள்வதைப் போன்ற பழக்கம். அதே பிள்ளை பர்லியார் தாண்டி மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதலில் வாங்குவது ஒரு தண்ணீர் பாட்டில். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மலைமேல் அவர் கையைப் பிடித்திருந்த ஏற்பாடு மலையடிவாரத்தில் விட்டுப்போகிறது, அவ்வளவுதான்.

டாஸ்மாக் பாட்டில் கதை இன்னும் தெளிவானது. காட்டோரம் உடைத்து எறியப்பட்ட மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திரும்பத் தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. இதற்காக எந்தக் குடிமகனிடமும் யானையைப் பற்றி விழிப்புணர்வுச் சொற்பொழிவு நடத்தப்படவில்லை. சொற்பொழிவு மேடையில் நின்று இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்.

ஆனால் ஏற்பாடு எப்போதும் இவ்வளவு சுமுகமாக இறங்கிவிடுவதில்லை. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி உதகைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. வணிகர்கள் கடையடைத்தார்கள். கல்லூரி மாணவருக்கு இந்த இடத்தில்தான் சோதனை. மலையால் இத்தனை வண்டிகளைத் தாங்க முடியாது என்பது அவர் பாடத்தில் படித்தது, மே மாதத்தில் கண்ணால் பார்ப்பதும்கூட. அப்பா ஓட்டுவது டூரிஸ்ட் டாக்ஸி. அம்மா வைத்திருப்பது வர்க்கியும் சாக்லேட்டும் விற்கும் கடை. கல்லூரிக் கட்டணம் வருவது அந்த மே மாதத்திலிருந்து. இந்த மாணவரிடம் படிவத்தை நீட்டினால் அவர் எங்கே டிக் அடிப்பார்? எங்கே அடித்தாலும் அது அவருடைய முழு நம்பிக்கையாக இருக்காது.

கூட்டு வாழ்வு என்றதும் சிக்கல் இன்னும் கூடுகிறது. நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில், தனக்கென்று ஓர் அறையோடு வளர்ந்த மாணவருக்கு அந்தச் சொல்லே இனிக்கும். பொதுச் சமையல், பொதுத் தோட்டம், இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டு. ஆரோவில் பக்கம் ஒரு மாதம் தன்னார்வலராகப் போய்வந்தால் இனிப்பு இன்னும் கூடும். தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்த மாணவி இதைக் கேட்டால் சிரிப்பாள். பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, பக்கத்து வீட்டுச் சண்டை சொல் பிசகாமல் காதில் விழும் சுவர், ஒரே அறையில் மூன்று தலைமுறை. அவள் படிப்பதே அதிலிருந்து வெளியேறத்தான்.

இந்த லைன்களில் ஒரு பகுதிக்குத் தனி வரலாறு உண்டு. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-இல் அரசே நீலகிரியில் தோட்டங்கள் போடத் தொடங்கியது. அதுவே 1976-இல் டேன்டீ என்ற கழகமானது. அங்கே லயத்தில் இருந்தவர்கள் இங்கே லைனுக்கு வந்தார்கள். தோட்ட வேலையோடு ஒட்டியது வீடு. வேலை போனால், ஓய்வு பெற்றால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தக் குடும்பத்தின் பேத்திக்கு நிலைத்த வாழ்வு என்றால் முதலில் யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒரு வீடு. கார்பன் தடம் மிகக் குறைவாக இருப்பது அவள் குடும்பத்துடையதுதான். அதற்காக அவளைப் பாராட்டினால் வறுமையைப் பாராட்டியதாகிவிடும்.

ஹட்டி எனப்படும் படுகர் ஊரில் வளர்ந்த மாணவரின் நிலை வேறு. ஹட்டிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். முன்வாசல் ஊருக்கே பொது. சாவு விழுந்தால் ஊர் திரண்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு எங்கே வேலை பார்த்தாலும் வெள்ளை உடுத்தி வந்து நிற்பார்கள். பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவரும் ஊர் வரி கொடுக்கிறார் என்றால் கூட்டு வாழ்வு அங்கே இன்னும் மூச்சு விடுகிறது என்றுதான் பொருள். ஆனால் அந்த ஊர்க் கூட்டத்தில் யார் பேசலாம், யார் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கும் பழைய வரிசை இருக்கிறது. தோடர்களின் பால்மனைக்குள் பெண்கள் நுழைய முடியாது. பழைய கூட்டு வாழ்வைப் புகழ்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுகிறார்கள். கல்லூரிக்கு வந்த பெண்கள் விடுவதில்லை.

பொதுநிலம் என்றாலே பாழாகும் என்று சூழலியலாளர் கேரட் ஹார்டின் 1968-இல் எழுதினார். எல்லோரும் தங்கள் மாடுகளைக் கூடுதலாக ஓட்டிவந்து புல்லைத் தின்றுதீர்த்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். குளிர்காலம் முழுக்க எத்தனை மாட்டுக்கு ஒருவரால் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் அவர் கோடையில் பொதுப் புல்வெளிக்கு ஓட்டலாம். நீலகிரியின் புல்வெளி சுருங்கியதற்கும் தோடர்களின் எருமைகள் காரணமில்லை. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையையும், விறகுக்கும் ரேயான் கூழுக்கும் கற்பூர மரத்தையும் மலை மலையாக நட்டது அரசு. ஹார்டினின் கட்டுரையைப் படிக்கும் உதகை மாணவர் ஆஸ்ட்ரமையும் படித்தால், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரங்கள் கொஞ்சம் பேசத் தொடங்கும்.

மாணவர்கள் உண்மையில் எங்கே சேர்ந்து வாழ்கிறார்கள்? பெரும்பாலோருக்கு விடை என்.எஸ்.எஸ். முகாம். காந்தி நூற்றாண்டின்போது, 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் கிராம முகாம். ஊர்ப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ ஐம்பது பேர் பாய் விரித்துப் படுப்பார்கள். வெங்காயம் நறுக்கியறியாத பையன் அன்று அண்டாவைத் துலக்கியே ஆக வேண்டும். மூன்றாம் நாள் தண்ணீர் பற்றவில்லை என்றால் யார் அதிகம் குளித்தது என்ற விசாரணை நடக்கும். அந்த விசாரணையில் கிடைப்பது ஒரு பருவம் முழுக்க நடத்திய வகுப்பில் கிடைக்காது. குறையும் இல்லாமலில்லை. பையன்கள் மண்வெட்டி பிடிக்க, பெண்கள் அடுப்படிக்குப் போய்விடும் முகாம்கள் உண்டு. கடைசி நாள் நிறைவு விழாவுக்கு வரும் விருந்தினருக்குப் பிளாஸ்டிக் உறை சுற்றிய பூங்கொத்து கொடுக்கும் முகாம்களும் உண்டு.

விடுதியும் ஒரு கூட்டு வாழ்வுதான். ‘டிவைடிங் சிஸ்டம்’ நடக்கும் விடுதிகளில் மாதச் சாப்பாட்டுச் செலவை மொத்தமாகக் கூட்டி மாணவர்களின் தலைக்கு வகுப்பார்கள். கொட்டிய சோறு மாதக் கடைசியில் பில்லாக வந்து நிற்கும். மெஸ் கமிட்டியில் இருக்கும் மாணவர் காய்கறி மண்டிக்குப் போய் விலை பேசிப் பழகுகிறார். அரசு நலவிடுதிகளில் உணவுப்படி தலைக்கு இவ்வளவு என்று அரசே நிர்ணயிக்கிறது. கணக்கு காப்பாளரிடம் இருக்கிறது. மாணவருக்குத் தட்டு மட்டும்தான். ஏழைப் பிள்ளைக்குச் சோறு போடுவது பெரிய காரியம், சந்தேகமில்லை. அந்தக் கணக்கு நோட்டையும் அவர் கையில் கொடுத்திருந்தால் இன்னும் பெரிய காரியமாக இருந்திருக்கும்.

விரும்பிச் சேர்ந்து வாழ்ந்ததற்கும் மலையில் நூறாண்டு கடந்த முன்மாதிரி ஒன்று இருக்கிறது. நாராயண குருவின் மாணவரான நடராஜ குரு 1923-இல் ஃபெர்ன்ஹில்லில் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். டாக்டர் பல்புவின் மகன் அவர். பின்னாளில் பாரிஸ் சோர்போனில் முனைவர் பட்டம் பெற்றவர். சாதி கேட்காத ஒரே அடுக்களை, சேர்ந்து செய்யும் வேலை, சேர்ந்து படிக்கும் மாலை. அவருக்குப் பின் நித்ய சைதன்ய யதி 1999-இல் மறையும் வரை அங்கே இருந்தார். எழுத்தாளர் ஜெயமோகன் முன்னின்று நடத்திய ஊட்டி இலக்கிய முகாம்களால் தமிழ் இளைஞர்கள் பலருக்கு அந்த இடம் பழக்கமானது. அங்கே தங்கியவர்கள் இலக்கியத்தோடு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பதையும் கற்றுக்கொண்டார்கள்.

இந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டிய இடம் கோத்தகிரி. 1993-இல் தொடங்கிய கீஸ்டோன் அறக்கட்டளை, தேன் எடுக்கும் பழங்குடிகளோடு வேலை செய்து வளர்ந்த அமைப்பு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அது 2015-இல் நீலகிரி களக்கல்வி மையத்தைத் தொடங்கியது. கார்னெலின் இளங்கலை மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க அங்கே வந்து தங்குகிறார்கள். அதே வகுப்பில் சம மாணவர்களாக உட்காருபவர்கள் நீலகிரியின் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த இளைஞர்கள். ஆங்கிலமும் தமிழும் மொழிபெயர்ப்பில் போய்வரும். காட்டு உணவு, குடிநீர், கழிவு, நாட்டு மருத்துவம் போன்ற பொருள்களில் ஓர் அமெரிக்க மாணவரும் ஓர் உள்ளூர் இளைஞரும் சேர்ந்தே களத்துக்குப் போகிறார்கள். கூட்டு வாழ்வைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் இது கடினம். ஒருவர் எழுதுவதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். ஒருவர் அறிவு மற்றவருக்குத் தகவலாகச் சுருங்கிவிடக் கூடாது.

தேன் எடுப்பவர்களின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மலைத்தேனீக்கள் செங்குத்துப் பாறையின் நெற்றியில் கூடு கட்டும். காட்டுக்கொடியில் திரித்த கயிற்று ஏணியில் ஒருவர் தொங்கிக்கொண்டு இறங்குவார். மேலே அந்தக் கயிற்றைக் காவல் காப்பவர் கூடப் பிறந்த தம்பியாக இருப்பதில்லை. மைத்துனர், அதாவது மனைவியின் சகோதரர்தான் காவல். தன் அக்காள் தங்கை தாலி இழக்க எந்த மைத்துனனும் கயிற்றைக் கைவிட மாட்டான். தம்பிக்குப் பங்காளிக் காய்ச்சல் இருக்கலாம். உறவை நம்புகிறார்கள், அதைவிட உறவின் கணக்கை நம்புகிறார்கள். கூடு அனைத்தையும் அறுத்துவிடாமல் சிலவற்றை விட்டுவருவதும் வழக்கம், அடுத்த ஆண்டும் தேனீ வர வேண்டும் என்பதால். ஆஸ்ட்ரம் ஒரு நூல் முழுக்கச் சொன்னதை ஒரு கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறார்கள்.

கூடலூர்ப் பக்கம் வந்தால் இன்னொரு வகை. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் சேர்ந்து உருவாக்கிய ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் 1988 டிசம்பர் 5 அன்று நில உரிமை கேட்டுக் கூடலூரில் பல்லாயிரம் பேரோடு ஊர்வலம் போனது. 1992 முதலே உறுப்பினர்களுக்குக் குழு மருத்துவக் காப்பீடு இருந்தது. பிறகு மதுவனா என்ற தேயிலைத் தோட்டத்தையே சங்கம் சொந்தமாக்கிக்கொண்டது. கூலிக்கு நின்ற நிலத்துக்குச் சமூகமே முதலாளி. காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியை வெட்டி, அதன் கம்புகளால் ஆளுயரத்தைத் தாண்டிய யானைகளைச் செய்யும் கைவினைஞர்களும் இதே பகுதிப் பழங்குடியினர். 2024-இல் அந்த யானைகள் நூறு, அமெரிக்காவில் ஊர் ஊராகப் பவனி போயின. ‘அயல் தாவரங்களின் ஆக்கிரமிப்பு’ என்று மாணவர் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுவதை அவர்கள் வீட்டு அடுப்பு எரியும் வருமானமாக மாற்றியிருக்கிறார்கள்.

கூட்டு என்பதாலேயே எல்லாம் செழித்துவிடுவதில்லை. சிறு தேயிலை விவசாயிகளுக்காக 1960-களில் தொடங்கிய கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இன்று இண்ட்கோசர்வ் கூட்டமைப்பின் கீழ் 16 இருக்கின்றன. பசுந்தேயிலைக்கு நியாய விலை வேண்டும் என்ற போராட்டம் ஓய்ந்தபாடில்லை. தனியார் தொழிற்சாலையின் ஏஜெண்ட் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தருகிறேன் என்று தோட்டத்து வாசலில் வந்து நின்றால், உறுப்பினரே இலையை அங்கே கொடுத்துவிடுகிறார். கூட்டுறவின் எந்திரம் இலையில்லாமல் நிற்கிறது. அவரைத் துரோகி என்று திட்டுவது சுலபம். மகனின் விடுதிக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கும்போது அந்த ஒரு ரூபாயின் எடை வேறு. அந்த மகன் கல்லூரியில் கூட்டுறவைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் பேசக்கூடும், பரிசும் வாங்கக்கூடும்.

ஆகவே மலைக் கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மானியக் குழு வகுத்த அந்த ஆறுமாதப் பாடத்திட்டத்தில் 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு என்று ஒதுக்கப்பட்டது. நடைமுறையில் அது பெரும்பாலும் தாவரவியல் பூங்காவுக்கோ அணைக்கோ ஒரு நாள் போய்வந்து, இணையத்திலிருந்து இறக்கிய படங்களோடு ஒப்படைக்கும் குறிப்பேடாக முடிகிறது. அந்த 25 மதிப்பெண்ணையும் என்.எஸ்.எஸ்.ஸின் 240 மணி நேரத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடலாம். ஆண்டுக்கொரு ஊர் என்று மாறாமல், ஒரே ஹட்டியையோ ஒரே லைனையோ ஐந்தாண்டுகள் தத்தெடுக்கலாம். ஒரு குழாயில் எத்தனை வீடு தண்ணீர் பிடிக்கிறது, கழிவு எந்த ஓடையில் இறங்குகிறது, பசுந்தேயிலைக்கு எந்த மாதம் என்ன விலை வந்தது, கூட்டுறவுக்கு எத்தனை கிலோ போனது, ஏஜெண்டுக்கு எத்தனை கிலோ போனது என்று ஒரு பேரேடு எழுதலாம். முதலாம் ஆண்டு மாணவர் எழுதியதை அடுத்த ஆண்டு மாணவர் தொடரட்டும். முகாமில் சமையல் முறை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் வரட்டும். செலவுக் கணக்கை மாணவர்களே எழுதி ஊர்க் கூட்டத்தில் படிக்கட்டும். அந்த 25-இல் பத்து மதிப்பெண்ணைப் போடும் பேனாவை அந்த ஊர்ப் பெண்களிடம் கொடுக்கலாம். பல்கலைக்கழக விதி இதற்கு இடம் தருமா என்று தேர்வுக் கட்டுப்பாட்டாளர்கள் கேட்பார்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டக் குழுவில் தீர்மானம் போட்டாலே போதும். மற்றவை பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டியிருக்கும்.